ஒண்டியும் ஜோடியும்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் ரோட்டில், மண்டகள்ளி விமான நிலையத்தில் நான் விமானப் பராமரிப்பு எஞ்சினியராகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அப்பா ரயில்வே பட்டறை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். ஸ்பேனரும் கிரீஸ் வாடையும் வீட்டிலேயே பழக்கமானதால், பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

எங்கள் கம்பெனி சின்னது. நோயாளிகளைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கொண்டுபோவதுதான் முக்கிய வேலை. அதற்கு இரண்டு விமானங்கள். இரண்டிலும் டர்பைன் எஞ்சின்தான், முன்னால் ப்ரொப்பெல்லர் சுற்றும். ஒன்றுக்கு மூக்கில் ஒரே ஒரு எஞ்சின். இன்னொன்றுக்கு இறக்கைக்கு ஒன்றாக இரண்டு. காகிதங்களில் அவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள் உண்டு. விமானம் நிறுத்தும் ஹேங்கரில் எல்லோரும் சொன்னது ஒண்டி, ஜோடி என்றுதான். அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் கேப்டன். ஹனூர் பக்கத்துக்காரர், மாதேஸ்வரன் மலையடிவாரம்.

"எங்கூருப் பக்கம் யானைக் கூட்டம் வந்தா சனங்க ஒதுங்கி நின்னு வேடிக்கை பாப்பாங்க அம்மணி. ஒண்டியா ஒண்ணு வந்துச்சுன்னா ஊரே கதவைச் சாத்திக்கும்" என்று ஒருமுறை சொன்னார். "ஒண்டியில ஏறுறவங்க முகத்தைப் பாருங்க, அப்படித்தானுங்க இருக்கும்."

அவர் சொன்னது உண்மை. நோயாளியின் வீட்டார் வந்ததும் கேட்கிற முதல் கேள்வி எத்தனை எஞ்சின் என்பதுதான். அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். டர்பைன் எஞ்சின் சட்டென்று நிற்கிற ரகம் இல்லை. நின்றாலும் ஒண்டி கல்லாக விழாது, பருந்து மாதிரி மிதந்து இறங்கும். மெதுவாகப் பறக்கத் தெரிந்த விமானம் அது, நல்ல வயல் ஒன்று கிடைத்தால் போதும். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால் மற்றதை வைத்துக்கொண்டு திரும்பி வரலாம், வாஸ்தவம். ஆனால் தரையை விட்டுக் கிளம்பிய உடனே நின்றால் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் தொங்கும், கண்ணிமைக்கிற நேரத்துக்குள் எது நின்றது என்று சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒண்டியில் குழப்பமே கிடையாது, இறங்குவது ஒன்றுதான் வேலை. எந்த விமானமானாலும் விழுகிறவற்றில் பாதிக்கு எஞ்சினே காரணமாக இருப்பதில்லை, மேகமும் மலையும் மனிதனும்தான் என்பேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் என்னையே யாராவது ஏறச் சொன்னால் மனசு ஜோடியின் பக்கம்தான் போகும். இதை அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடிக் காற்று வீசுகிற வாரம். ஒரு பிற்பகல் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, ஹேங்கருக்கு வெளியே நிறுத்தியிருந்த ஒண்டியின் ப்ரொப்பெல்லர் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விமானத்துக்குள்ளும் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். இந்த வகை எஞ்சினில் ப்ரொப்பெல்லருக்கும் உள்ளே எரிகிற பாகத்துக்கும் நடுவே இரும்புப் பிணைப்பு கிடையாது. உள்ளிருந்து வரும் சூடான காற்றுதான் அதைத் தள்ளிச் சுற்றவைக்கிறது. அதனால் வெளிக்காற்றுக்கும் அது அசைந்து கொடுக்கும், அதற்காகத்தான் நிறுத்தியதும் வாரால் கட்டிவிடுகிறோம். யாரோ கட்ட மறந்திருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்தும் பக்கத்தில் போகக் கால் தயங்கியது. காற்று ஓய்ந்த நேரம் பார்த்து ஒரு தகட்டைக் கையால் பிடித்தேன். நின்றது. ஆனால் என் உள்ளங்கையை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது. வாரை எடுத்துக் கட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் அந்த மனிதர் வந்தார். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். விஜயநகரில் வீடு. அவருடைய மனைவிக்கு மஞ்சள்காமாலை முற்றிக் கல்லீரல் செயலிழந்துவிட்டது. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சென்னையில் ஒரு மருத்துவமனையில் மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். எந்த நேரமும் அழைப்பு வரலாம், வந்தால் சில மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். எந்த விமானம் என்று நேரிலேயே பார்த்துவிட வந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பல நாள் தூங்காத கண்கள். ஒண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது பேடா, வேணாம் மேடம். ரெண்டு எஞ்சின் இருக்கில்ல, அதைக் கொடுங்க."

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்குத் திறந்து வெச்சிருக்கு சார். நாளைக்கு ரெடியாயிடும். ஆனா இதுவும் நல்ல விமானம்தான்" என்று என் வழக்கமான பதிலை ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஃபேக்டரில ஸ்டாண்ட்பை மெஷின் இல்லாம நான் ஒரு லைன்கூட ஓட்டினதில்ல மேடம். என் பொண்டாட்டிய ஸ்டாண்ட்பை இல்லாம அனுப்பச் சொல்றீங்களா?"

ஜோடியையே தருகிறோம் என்றேன். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"நீங்கதான ரிப்பேர் பண்றீங்க? நீங்களும் கூட வருவீங்களா? நீங்க ஏறினா நானும் தைரியமா ஏறுவேன்."

வருகிறேன் என்று சொன்னேன். அந்த மனிதருக்கு அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்.

எங்கள் ஹேங்கரில் எஞ்சினியர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் தங்கையின் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். இன்னொருவர் நான் செய்யும் வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர். ஆகவே அன்று மாலை ஜோடியின் இரண்டு எஞ்சினிலும் நான்தான் இறங்கினேன். அந்த எஞ்சினில் விரல் கனத்துக்கு ஒரு மெல்லிய குழாய் ஓடும். உள்ளே காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை எரிபொருள் அளக்கிற கருவிக்குச் சொல்கிற குழாய் அது. அந்த அளவை நம்பித்தான் கருவி எரிபொருளைக் கூட்டும், குறைக்கும். குழாயில் உள்ள சின்ன வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்ட வேண்டும். முதலில் நட்டைக் கையால் திருக வேண்டும். பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். கடைசியில் நட்டு கழலாமல் இருக்க மெல்லிய கம்பியால் பின்னிக் கட்ட வேண்டும்.

இடது, வலது இரண்டிலும் நட்டுகளைக் கையால் திருகி முடித்தேன். ரெஞ்சைக் கொண்டுவந்து தள்ளுவண்டியில் வைத்த நேரம் போன் அடித்தது. மருத்துவமனை. கல்லீரல் கிடைத்துவிட்டது, நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்ப முடியுமா? கேப்டனை அழைத்தேன், அலுவலகத்தை அழைத்தேன், அந்தக் கணவரை அழைத்தேன். அவர் போனில் அழுதார். திரும்பி வந்தபோது ரெஞ்ச் வண்டியில் கிடந்தது. கம்பியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன். முதலில் இடது, அப்புறம் வலது. கம்பி அழகாக விழுந்திருந்தது. சக எஞ்சினியர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எஞ்சின்களைத் தரையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை தூறல். சாமுண்டி மலை இருக்கிற இடத்தில் வெறும் சாம்பல் நிறம். ஆம்புலன்ஸிலிருந்து அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றினோம். கண் முழுவதும் மஞ்சள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கூட ஒரு நர்ஸ். கணவர் தலைமாட்டில் உட்கார்ந்தார், நான் கால்மாட்டில். விமானிகளுக்கும் எங்களுக்கும் நடுவே தடுப்பு கிடையாது. கேப்டனின் தோளும் துணை விமானியின் தோளும், நடுவே இருக்கிற லீவர்களும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன.

தரையை விட்டு எழும்பினோம். சக்கரங்கள் உள்ளே போன சத்தம் கேட்டது. அதற்குச் சில நொடிகள் கழித்து இடப்பக்கத்துச் சத்தம் குறைந்தது.

வெடிக்கவில்லை, அதிரவில்லை. பக்கத்து அறையில் யாரோ ரேடியோவின் திருகை மெதுவாகத் திருப்புவதுபோல அது இறங்கிக்கொண்டே போனது. விமானத்தின் மூக்கு இடப்பக்கம் வழுக்கியது. நான் ஜன்னலில் பார்த்தேன். இடது ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வலதும் சுற்றியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. எஞ்சின் நிற்கவில்லை, தூங்கிப் போயிருந்தது. அப்படி ஒரு எஞ்சின் இழுக்காமல் வெறுமனே சுற்றினால், விமானம் அதைப் பாரமாகச் சுமக்கும்.

முன்னால் பார்த்தபோது துணை விமானியின் கை லீவர் மேல் இருந்தது. அது வலது லீவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுடையது. அதைப் பின்னால் இழுக்க விரல்கள் மடிந்துவிட்டிருந்தன. கனவில் கத்துவோமே, அப்படி எனக்கு வாய் மட்டும் திறந்தது.

கேப்டனின் கை அந்த மணிக்கட்டைப் பிடித்தது.

"கை தெகி" என்றார் கன்னடத்தில். கையை எடு என்று. கோபமே இல்லாத குரல். "அவசரா பேடா. நோடு. யாவ்து?" அவசரப்படாதே, பார், எது என்று.

துணை விமானி எது என்று அளவுமானிகளைப் பார்த்தார். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு மிக நீளமாக இருந்தது. "லெஃப்ட். லெஃப்ட் சார்."

"இன்னொந்து சல ஹேளு."

இன்னொரு முறை சொன்னார். கேப்டன் இடது லீவரை இழுத்தார். ஜன்னலில் இடது ப்ரொப்பெல்லரின் தகடுகள் காற்றுக்குத் தம் ஓரத்தைக் காட்டித் திரும்பின. சுற்றுவது மெல்லக் குறைந்து முழுவதும் நின்றது. பறக்கும்போது நின்ற ப்ரொப்பெல்லரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மூன்று கறுப்புத் தகடுகள் அசையாமல் இருக்க, அவற்றின் நடுவே ஈரமான கரும்பு வயல்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. அவளுடைய பாதத்தை நான் இறுக்கிப் பிடித்திருந்தது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது.

வட்டமடித்து அதே ஓடுபாதையில் ஒற்றை எஞ்சினோடு இறங்கினோம். எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிஷம் இருக்கும். இறங்கியதும் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா மேடம், ரெண்டு இருந்ததால பொழச்சோம். நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?"

ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு இடது எஞ்சினுக்குப் போனேன். மூடியைத் திறந்தேன். கம்பி நான் கட்டியபடியே இருந்தது. அந்த மெல்லிய குழாயைத் தொட்டேன், ஆடியது. நட்டை விரலால் திருப்பினேன். கம்பி விட்ட அளவுக்கு அது சுகமாகத் திரும்பியது.

அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. குழாயில் காற்று கசிந்து, கருவி எரிபொருளைக் குறைத்திருக்கிறது. போன் அடித்தது, ரெஞ்ச் வண்டியில் கிடந்தது. அந்த ரெஞ்சை நான் எந்த நட்டிலும் வைக்கவே இல்லை.

வலது எஞ்சினுக்குப் பத்தடிதான். ஏணியை இழுத்துக்கொண்டு போனேன். சூடு இறங்குகிற எஞ்சின் டிக், டிக் என்று சின்னதாகச் சத்தம் போடும், தினமும் கேட்கிற சத்தம். அன்றைக்கு அது உள்ளே யாரோ நகத்தால் தட்டுவதுபோல இருந்தது. எங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்த எஞ்சின் அது. மூடியைத் திறந்து, பார்க்காமலே கையை உள்ளே விட்டேன். விரலுக்கு வழி தெரிந்திருந்தது. நட்டு திரும்பியது.

அது இன்னும் எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று பிற்பாடு விசாரணைக்கு வந்தவர்களாலும் சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரமாக இருக்கலாம், இன்னும் ஒரு நிமிஷமாகவும் இருக்கலாம் என்றார்கள். நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளில் அந்த விமானத்துக்கு இரண்டு எஞ்சின். அன்று காலை மேலே போனபோது அதற்கு இருந்தது ஒரே ஒரு தவறு, இரண்டு இடத்தில்.

கேப்டன் பின்னால் வந்து நின்றிருந்தார். ஏணியில் ஏறி, தானே நட்டைத் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டும் நீங்கதானுங்களா அம்மணி?"

"நான்தான் சார்."

தூறல் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்டியில இந்த வாரம் கை வெச்சீங்களா?"

"இல்ல சார். போன மாசம், கல்யாண லீவுல இருக்காரே, அவர்தான் பாத்தார். நான் ப்ரொப்பெல்லர்ல வார் கட்டினதோட சரி."

"அப்ப அதுலயே போலாமுங்க" என்றார்.

நியாயப்படி அன்றைக்கு அந்த விமானிகள் மறுபடி பறந்திருக்கக் கூடாது. நானும் கூடப் போயிருக்கக் கூடாது. வேறு விமானிகள் மைசூரில் இல்லை, வேறு விமானம் வரக் காத்திருந்தால் அந்தக் கல்லீரல் இன்னொருவருக்குப் போய்விடும். பின்னால் இதற்காகக் கேப்டன் திட்டு வாங்கினார். "வாங்கிக்கறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

கணவரிடம் யார் சொல்வது என்று கேப்டன் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். ஆம்புலன்ஸ் ஓரத்தில் நின்றிருந்தவரிடம் போய், ஒன்றையும் மழுப்பாமல் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுமா?"

"ரெண்டும் சார்."

"ஒரே ஆளா?"

"ஒரே ஆளு. நான்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தால்கூட நின்றிருப்பேன். அவர் மிகவும் சன்னமான குரலில் சொன்னார். "ஃபேக்டரில மெயின் மெஷினைத் திறந்த அன்னைக்கு ஸ்டாண்ட்பையைத் தொட விடமாட்டேன் மேடம். அது எனக்குத் தெரிஞ்ச விஷயம். நேத்து உங்ககிட்ட கேக்கத் தோணல." பிறகு ஒண்டியைப் பார்த்தார். "சரி, அதுல ஏத்துங்க. நீங்களும் வாங்க."

"இனிமேலும் நான் எதுக்கு சார்?"

"சத்தம் மாறினா எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?"

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். துணை விமானியும் வந்தார். கிழக்கே மழைக்கூட்டம் இருந்ததால் கேப்டன் தெற்கே சாய்ந்து மாதேஸ்வரன் மலைப் பக்கமாகத் திருப்பினார். மேகத்துக்கு மேலே வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. கீழே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைக்கு அடியில் காடு, பாறை, பள்ளம். இறங்க ஒரு வயல்கூடக் கிடையாது.

விமானிகள் எல்லோரும் சொல்கிற ஒரு சங்கதி உண்டு. சமவெளி மேல் போகும்போது எஞ்சின் எஞ்சினாகத்தான் ஓடும். காட்டு மேல் வந்ததும் அதில் என்னென்னவோ கேட்க ஆரம்பிக்கும், ஒரு தடக், ஒரு இழுப்பு, ஒரு முனகல். எஞ்சின் மாறுவதில்லை, காதுதான் மாறுகிறது. இதையும் நான் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரே சத்தத்தைத் தவிர உலகத்தில் எனக்கு வேறெதுவும் இல்லை. அதன் ஒவ்வொரு இழையும் காதில் விழுந்தது. கணவர் நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார்.

"இப்ப மாறுச்சா மேடம்?"

"இல்ல சார்."

"இப்ப?"

"இல்ல. அதேதான்."

அப்போது அந்தப் பெண் பேசினாள். கிளம்பியதிலிருந்து கண்மூடிக் கிடந்தவள், வலப்பக்க ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நல்ல தெளிவான குரல்.

"என்னங்க, இன்னொண்ணும் கூடவே வருது."

நர்ஸ் எங்களைப் பார்த்து, ரத்தத்தில் விஷம் ஏறினால் இப்படித்தான் பேசுவார்கள் என்று கண்ணாலேயே சொன்னார். நான் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. எங்களுக்குக் கீழே, மேகத்தின் மேல், சின்னக் கறுப்பு விமானம் ஒன்று எங்கள் வேகத்துக்குச் சமமாக ஓடியது. அதைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம். எங்கள் நிழல்தான். இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் மேகம், நிழல் அங்கேதான் விழும். கணவரிடம் அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இருந்தாலும் மூன்று பேரும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது மேகத்தின் மேட்டில் ஏறிப் பெரிதாகி எங்களை நெருங்கியது, பள்ளத்தில் இறங்கி விலகியது.

பிறகு மேகத்தில் ஒரு கிழிசல் வந்தது. கீழே கரும்பச்சையாகக் காடு தெரிந்தது. நிழல் அந்த ஓட்டைக்குள் விழுந்து காணாமல் போனது.

அதே நொடியில் எஞ்சின் நின்றது.

நின்றது என்றுதான் சொல்வேன். சத்தம் இல்லை. காற்று உரசுகிற சத்தமும் இல்லை. அந்தப் பெண்ணின் மூச்சு மட்டும் கேட்டது. நான் முன்னால் பார்த்தேன். கேப்டன் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை. அவருக்கு அந்தப் பக்கம் அளவுமானிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஒரு முள்கூட அசையவில்லை. ப்ரொப்பெல்லர் வெயிலில் மங்கலான தட்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விமானம் இம்மியும் இறங்கவில்லை.

கிழிசல் மூடிக்கொண்டது. மேகத்தின் மேல் நிழல் திரும்ப வந்தது. சத்தமும் வந்தது, இடையில் நிற்கவே இல்லாத மாதிரி.

"இப்ப மாறுச்சா மேடம்?" என்றார் கணவர். அவருக்குச் சத்தம் ஒரு நொடிகூட நின்றதாகத் தெரியவில்லை.

"இல்ல சார்" என்றேன்.

சென்னையில் இறங்கினோம். ஆம்புலன்ஸ் ஓடுபாதை ஓரத்திலேயே காத்திருந்தது. கணவர் ஓடிப்போய் ஏறினார், திரும்பிப் பார்க்க நேரமில்லை. அவர்கள் போனதும் கேப்டனும் நானும் ஒண்டியின் மூக்கைத் திறந்து ஒன்று விடாமல் பார்த்தோம். குழாய் இறுக்கமாக இருந்தது, வடிகட்டி சுத்தமாக இருந்தது, எண்ணெய் அளவு சரியாக இருந்தது. ஒரு குறையும் இல்லை.

"அம்மணி, அந்த ஓட்டை மேல போறப்ப உங்களுக்கும் கேட்டுச்சுங்களா?" என்று கேட்டார்.

"கேக்கல சார். ஒண்ணுமே கேக்கல."

"எனக்கும் அதேதானுங்க."

அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. உயரத்தில் காது அடைத்துத் திறந்திருக்கலாம். காலையிலிருந்து பயந்து கிடந்த இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அடைத்திருக்கலாம். கருவியில் பதிவான கணக்கை எடுத்துப் பார்த்ததில் எஞ்சின் அந்த நேரம் முழுக்கச் சீராக ஓடியிருக்கிறது. கருவியைத்தான் நம்ப வேண்டும், நம்புகிறேன். ஆனாலும் அந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சத்தங்கள் மறந்துபோகும், அது மறக்கவில்லை.

அன்று பிற்பகலே, சென்னை விமான நிலைய கேன்டீனில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். எட்டு மாதம் எனக்குக் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. திரும்பப் பயிற்சி, திரும்பப் பரீட்சை. சக எஞ்சினியருக்கும் கண்டிப்புக் கிடைத்தது. கம்பியைப் பார்த்தார், நட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. துணை விமானி ஒருநாள் என்னிடம் வந்து, தூங்கப் போகும்போது தன் கை தனக்கு முன்னால் நீண்டு போவது தெரிகிறது என்றார். எனக்கும் ஒரு நட்டு திரும்புவது தெரிகிறது என்று சொன்னேன். இருவரும் டீ குடித்தோம். அவர் இப்போது வேறு இடத்தில் பறக்கிறார், நன்றாகப் பறக்கிறார் என்று கேள்வி.

ஒரே நாளில் இரண்டு எஞ்சினையும் ஒரே ஆள் தொடக்கூடாது என்பது பெரிய கம்பெனிகளில் நெடுநாளாக இருக்கிற வழக்கம். எங்களிடம் ஆள் குறைவு என்று அதை விட்டிருந்தோம். இப்போது அது எங்கள் ஹேங்கர் சுவரிலும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பெண் பிழைத்தாள். எனக்கு மருத்துவமனை மூலம் தகவல் வந்தது, கணவர் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, தேவராஜ மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடையில் இருவரையும் பார்த்தேன். அவள் பருத்திருந்தாள், நிறம் வந்திருந்தது, குக்கரின் மூடியைப் போட்டுக் கழற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நழுவிவிடத்தான் தோன்றியது. கணவர் பார்த்துவிட்டார்.

"இவங்கதான் அன்னைக்கு நம்மகூட வந்த எஞ்சினியர்" என்றார் மனைவியிடம்.

அவள் குக்கரை வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களா? முதல் பிளேன்ல கோளாறு வந்ததை நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. உங்க கையாலதான் நான் இன்னைக்கு இருக்கேன்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கடைக்காரரின் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சது நான்தான்" என்றேன். "கோளாறு பண்ணினதும் நான்தாங்க."

கடையில் நின்றபடியே சொன்னேன். நட்டு, ரெஞ்ச், போன், இரண்டு எஞ்சின், எல்லாவற்றையும். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவள் உடனே கையை விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிடி மட்டும் மெதுவாகத் தளர்ந்தது.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"தெரியும். நீ அப்ப இருந்த நெலமைல சொல்லல. அப்புறம் சொல்ல வாய் வரல."

அவள் குக்கரை வாங்கினாள், பையில் வைத்தாள். "வர்றோங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் நடந்தார்கள். நான்கைந்து கடை தாண்டி அவள் மட்டும் திரும்பி வந்தாள்.

"இப்பவும் அதே வேலைதானா?"

"ஆமாங்க."

"ரெண்டு எஞ்சின்லயும் நீங்களேவா?"

"இல்ல. நான் ஒண்ணுல மட்டும். இன்னொண்ணுல வேற ஆளு."

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு கணவர் நின்ற இடத்துக்குத் திரும்பிப் போனாள்.